முதல் கால் மணி நேரம்

2003 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர். அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கிழக்கே டொராண்டோ. அன்று இரண்டு ஊர்களிலும், காய்ச்சலும் இருமலுமாக ஊருக்கொரு நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

வான்கூவருக்கு வந்தவர் 55 வயதுக்காரர். மனைவியோடு ஆசியாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர். டொராண்டோவில் வந்தவர் எந்த ஊருக்கும் போகவில்லை. ஹாங்காங் போய்வந்தது அவருடைய அம்மா. அந்த அம்மா இரண்டு நாள் முன்புதான் வீட்டிலேயே இறந்திருந்தார்; மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். வான்கூவர்க்காரரும் அந்த அம்மாவும் ஹாங்காங்கில் தங்கியது ஒரே ஓட்டலில், மெட்ரோபோலில். பிப்ரவரி 21 அன்று அதே ஓட்டலின் 911ஆம் எண் அறைக்கு சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து ஒரு மருத்துவப் பேராசிரியர் வந்து தங்கினார். அங்கே அவர் பார்த்த நோயாளிகளிடமிருந்து ஒரு கிருமி அவருக்குத் தொற்றியிருந்தது. அதற்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. ‘சார்ஸ்’ என்று உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்தது மார்ச் 15 அன்று. நம் இரண்டு நோயாளிகளும் மருத்துவமனைப் படியேறி எட்டு நாள் கழித்து.

வான்கூவர் பொது மருத்துவமனையில் ஒரு பழக்கம் இருந்தது. காரணம் தெரியாத காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் யார் வந்தாலும் முதலில் உச்சபட்ச பாதுகாப்பு. என்ன நோய் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொள்ளலாம். வந்தவரைச் சில நிமிடங்களிலேயே கூட்டத்திலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் அவர் தனிமைப்படுத்தப்பட்டிருந்தார். அவரிடம் போனவர்கள் என்-95 முகக்கவசம் போட்டிருந்தார்கள். பிறகு, காற்று வெளியே கசியாத எதிர்மறை அழுத்த அறைக்கு மாற்றினார்கள். அவரிடமிருந்து அங்கே ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

டொராண்டோவின் ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனையில் அன்றிரவு படுக்கைக்குத் தட்டுப்பாடு. உள்நோயாளிப் பிரிவில் இடம் கிடைக்கும்வரை அந்த மகன் அவசரப் பிரிவின் கண்காணிப்புப் பகுதியிலேயே பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். பக்கத்துப் படுக்கைக்கும் அவருக்கும் நடுவே ஒரு துணித்திரை. மூச்சு வாங்கியதால் நெபுலைசர் வைத்தார்கள். எந்த மருத்துவமனையிலும் எந்தச் செவிலியரும் அதைத்தான் செய்திருப்பார். திரைக்கு அப்பால் வேறு நோய்க்காக வந்து படுத்திருந்த இருவருக்குத் தொற்றியது. அவர்கள் வழியாக அவர்கள் குடும்பங்களுக்கும், அவர்களைக் கவனித்த ஊழியர்களுக்கும், பிறகு வேறு மருத்துவமனைகளுக்கும். ஒண்டாரியோ மாகாணத்தில் அந்த ஆண்டு 44 பேர் இறந்தார்கள். அவர்களில் செவிலியர் இருவரும் மருத்துவர் ஒருவரும் உண்டு.

இதைப் படித்துவிட்டு டொராண்டோ மருத்துவர்களைக் குறை சொல்லத் தோன்றும். அது நியாயமில்லை. வான்கூவர்க்காரரிடம் பயணக் கதை இருந்தது. டொராண்டோக்காரரிடம் அதுவும் இல்லை. அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையில் ஒண்டாரியோ அமைத்த விசாரணை ஆணையம் இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை அழுத்திச் சொன்னது: ஊழியரைக் காப்பாற்றும் நடவடிக்கைக்கு அறிவியல் உறுதிப்பாடு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெருந்தொற்றில் ஊழியர் பாதுகாப்பு என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளை நிற முழு உடல் கவசம். அந்தக் கவசத்தை எடுத்து மாட்டும் நேரத்துக்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம்.

டொராண்டோ கதையில் இன்னொரு பாகம் உண்டு, பலருக்குத் தெரியாதது. மே மாதம் புதிய நோயாளிகள் இல்லை என்று நம்பி ஊரே மூச்சு விட்டது. மருத்துவமனைகளில் கெடுபிடி தளர்ந்தது. அப்போது நார்த் யார்க் பொது மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை வார்டில் கிருமி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்திருந்த 96 வயது முதியவருக்குக் காய்ச்சலும் நிமோனியாவும் வந்தன. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவருக்கு நிமோனியா வருவது புதிதா என்ன? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வார்டில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தபோது செவிலியர்கள் கேட்டார்கள். இது சார்ஸ் அல்ல என்று பதில் வந்தது. மே 23 அன்று உண்மை வெளியானபோது இரண்டாம் அலை ஏற்கெனவே பரவியிருந்தது. முதல் அலையில் நோய்க்குப் பெயர் இல்லாதது கெடுத்தது. இரண்டாவதில் தவறான பெயர் கெடுத்தது.

உலகம் முழுக்க சார்ஸ் தொற்றிய 8,096 பேரில் ஐந்தில் ஒருவர் மருத்துவத் துறை ஊழியர். கனடாவிலும் சிங்கப்பூரிலும் பத்துக்கு நான்கு பேர்.

எல்லோரிடமும் இருப்பதாக நினை

ஒரு காலத்தில் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு என்றால் நோயைப் பொறுத்த விஷயம். காசநோயா, தனி வார்டு. காலராவா, தனி பாத்திரம். 1980களில் எச்.ஐ.வி. வந்து இந்த முறையை உடைத்தது. கிருமி உடலுக்குள் புகுந்த பின் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரியாது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டன. தொற்றியிருந்தவர்களை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. யாரிடம் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதென்றால், எல்லோருடைய ரத்தத்திலும் இருப்பதாக நினைத்து வேலை செய்வதுதான் வழி. கையுறை இல்லாமல் ரத்தத்தைத் தொடாதே, பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே என்ற விதிகள் அப்படிப் பிறந்தவை.

ரத்தத்துக்கு எச்.ஐ.வி. கற்றுக்கொடுத்ததை இருமலுக்கு சார்ஸ் கற்றுக்கொடுத்தது. அதன் பின்புதான் வாசலிலேயே இருமுபவருக்கு முகக்கவசம் கொடுப்பது, தனியே உட்காரவைப்பது, பதிவுச் சீட்டு எழுதும் ஊழியருக்கும் நோயாளிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைப்பது எல்லாம் அன்றாட விதிகளுக்குள் வந்தன. இதில் பெரிய அறிவியல் இருப்பதாகத் தோன்றாது. ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில் ‘எத்தனை நாளாக இருமல்?’ என்று ஒருவர் கேட்பது அவ்வளவு பிரமாதமான காரியமா? அந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்தில் அதன் விலை தெரியும்.

ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் அந்த விலை தெரிந்தது. 2003 மார்ச் 4 அன்று 26 வயது இளைஞர் ஒருவர் 8ஏ வார்டில் சேர்ந்தார். அவரும் மெட்ரோபோல் ஓட்டலுக்குப் போய்வந்தவர்தான். யாரும் அப்போது அதை முடிச்சுப் போடவில்லை. நாளுக்கு நான்கு முறை வீதம் ஒரு வாரம் நெபுலைசர் கொடுத்தார்கள். நெபுலைசர் மருந்தை நுண்துளியாக்கி நுரையீரலுக்குள் அனுப்புகிறது. நோயாளி மூச்சை வெளிவிடும்போது அந்த மூடுபனி முகமூடியின் ஓரங்கள் வழியாகப் பீறிட்டு வார்டுக்குள் பரவும், அவருடைய மூச்சில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு. மருத்துவர், செவிலியர், பார்வையாளர், படுக்கையருகே பாடம் கற்க வந்த மாணவர் என நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று அந்த ஒரு வார்டில் தொடங்கியது. மாணவர்களில் மட்டும் 16 பேர்.

டொராண்டோவில் சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது இதே சங்கதி வேறு வடிவில் வெளிப்பட்டது. மூச்சுக்குழாயில் குழாய் செருக உதவியவர்கள், அதற்கு முன் சளியை உறிஞ்சி எடுத்தவர்கள், ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்தவர்கள், இவர்களுக்கே ஆபத்து அதிகம். நோயாளியின் வாய்க்கும் மூக்குக்கும் அருகே கை போகும் வேலைகள் இவை. கோவிட் வந்தபோது பல மருத்துவமனைகள் நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசர் மாட்டிய இன்ஹேலரைக் கொடுக்கத் தொடங்கியதும், குழாய் செருகும்போது அறையில் அத்தியாவசியமான மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்களை வெளியேற்றியதும் இந்த அனுபவத்தால்தான்.

22 முறை

கை கழுவுவதைப் பற்றி எழுதினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பது தெரியும். ஒரு கணக்கை மட்டும் போட்டுக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் திதியே பித்தே என்ற தொற்றியல் மருத்துவர் 1990களில் ஊழியர்களைப் பின்தொடர்ந்து கவனித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 22 முறை கைச்சுத்தம் செய்ய வேண்டிய தருணம் வருகிறது என்று தெரிந்தது. சோப்பு போட்டு முறையாகக் கழுவித் துடைக்க ஒரு நிமிடம் ஆகும். குழாயடிக்குப் போய்வரும் நேரத்தைச் சேர்க்காமலே மணிக்கு 22 நிமிடம் போய்விடும். நோயாளியை எப்போது பார்ப்பது? செவிலியர்கள் கை கழுவாததற்குச் சோம்பலோ அக்கறையின்மையோ காரணமில்லை, அது செய்யவே முடியாத வேலை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புத் திரவத்தைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். 20 நொடியில் வேலை முடிந்தது. மூன்றாண்டுகளில் கைச்சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனையில் வரும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. கோவிட் காலத்தில் ரேஷன் கடை வாசல்வரை வந்துவிட்ட சானிடைசர் பாட்டிலுக்குப் பின்னால் இப்படி ஒரு எளிய கூட்டல் கணக்கு இருக்கிறது.

கையுறை இந்தக் கணக்கைத் தவிர்க்க உதவாது. கையுறை போட்ட கைக்குத் தான் சுத்தமாக இருப்பதாக ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. அதே கையுறையோடு நோயாளியைத் தொட்டு, சொட்டு மருந்துக் குழாயைத் திருகி, கேஸ் ஷீட்டைப் புரட்டி, சட்டைப்பையில் அடிக்கும் செல்போனை எடுப்பவர்களை 2020இல் எல்லா வார்டுகளிலும் பார்க்க முடிந்தது. கையுறை ஊழியரின் கையைக் காக்கிறது. அடுத்த படுக்கை நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு எண்ணிக்கை இங்கே பொருந்தும். ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்கள் 26 பேரை வகுப்பில் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 முறை தன் முகத்தைத் தொட்டார். அதில் கிட்டத்தட்ட பாதி கண், மூக்கு, வாய். தொற்றுத் தடுப்பைப் பாடமாகப் படிப்பவர்களின் நிலை இது.

கழற்றும்போது

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அங்கிருந்து அழைத்துவரப்பட்ட நோயாளியைக் கவனித்த மாட்ரிட் நகர மருத்துவமனையின் உதவிச் செவிலியர் ஒருவருக்கு நோய் தொற்றியது. அறைக்குள் இருந்த நேரமெல்லாம் அவர் முழுக் கவசத்தில் இருந்தார். பிறகு யோசித்துப் பார்த்தபோது, கவசத்தைக் கழற்றும்போது கையுறை முகத்தில் பட்டிருக்கலாம் என்று சொன்னார். அவர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஒரு சோதனை செய்தார்கள். ஊழியர்களின் கையுறையிலும் மேலங்கியிலும் ஒளிரும் களிம்பைப் பூசிக் கழற்றச் சொன்னார்கள். சாதாரண வெளிச்சத்தில் களிம்பு தெரியாது. புறஊதா விளக்கில் பளிச்சிடும். 435 முறை கழற்றியதில் 46 சதவீத முறை தோலிலோ உடையிலோ களிம்பு ஒட்டியிருந்தது. முறைப்படி கழற்றியவர்களிடமும் முப்பது சதவீதம். விளக்கைக் காட்டி ‘இதோ பார்’ என்று பயிற்சி கொடுத்த பிறகு விகிதம் 60இலிருந்து 18.9 சதவீதமாகக் குறைந்தது. சுற்றறிக்கை ஒட்டிச் செய்ய முடியாததை ஒரு விளக்கு செய்தது.

கழற்றுவதில் என்ன அப்படி ஒரு சூட்சுமம்? கோவிட் வார்டில் ஆறு மணி நேர டூட்டி முடித்து வெளியே வரும் ஒரு செவிலியரைப் பார்ப்போம். வியர்வையில் உள்ளாடை ஒட்டியிருக்கிறது, கண்ணாடிக்குள் ஆவி படிந்து பாதிதான் தெரிகிறது, காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, கழிப்பறைக்கும் போகவில்லை. எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு ஓட வேண்டும் போல இருக்கும். இந்த நிமிடத்தில்தான் அவர் மிக நிதானமாக இருக்க வேண்டும். முதலில் கையுறை மேலேயே சானிடைசர். வெளிக்கையுறையை மணிக்கட்டருகே வெளிப்புறமாகக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்கிறார். இன்னொன்றை, அதன் உள்ளே விரலை விட்டு, வெளிப்பக்கத்தைத் தொடாமல். மறுபடி சானிடைசர். ஜிப்பைத் திறந்து, தலைமூடியைப் பின்னால் தள்ளி, தோளிலிருந்து கவசத்தை உருட்டிக்கொண்டே கீழே இறக்குகிறார்; வெளிப்பக்கம் உள்ளே போய் ஒரு பந்தாகச் சுருளவேண்டும். உதறக் கூடாது. மறுபடி சானிடைசர். கண்ணாடியைத் தலைக்குப் பின்னாலிருக்கும் பட்டையைப் பிடித்துக் கழற்றுகிறார். அறையைவிட்டு வெளியே வந்து கதவை மூடிய பிறகே முகக்கவசம்: முன்பக்கத்தைத் தொடாமல், முதலில் கீழ்ப்பட்டை, அப்புறம் மேல்பட்டை, முன்னால் சாய்ந்து அப்படியே குப்பைப் பைக்குள். மறுபடி கை. வரிசை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். ஒவ்வொரு படிக்கும் நடுவே கைச்சுத்தம் செய்வதும், முகக்கவசத்தை வெளியே வந்த பின்பே கழற்றுவதும் மாறாது.

இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது எபோலா கற்றுத்தந்த பாடம். எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தப்பு நடந்தால் நிறுத்த வேண்டும். பதவியில் பெரியவரையும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். நம் ஊர் மருத்துவமனையில் துறைத்தலைவரைப் பார்த்து ‘சார், கையை எடுங்க’ என்று ஒரு பயிற்சிச் செவிலியர் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கவசம் எதற்கு, யாருக்கு

2020 தொடக்கத்தில் இந்தியாவில் முழு உடல் கவசத் தயாரிப்பு பெயருக்குத்தான் இருந்தது. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பனியன் தைத்த திருப்பூர் இயந்திரங்கள் கவசம் தைத்தன. தைத்ததெல்லாம் தாங்குமா என்று பார்க்கும் பொறுப்பு கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான ‘சிட்ரா’வுக்கு வந்தது. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமீது செலுத்தி மறுபக்கம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். துணி தேறினாலும் ஊசி போன தையல் துளைகள் தோற்கும். அதனால்தான் தையல் மேல் பட்டை ஒட்டும் இயந்திரத்துக்கு அந்த நாட்களில் அவ்வளவு கிராக்கி.

சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் புகாத சோதனை எபோலா போன்ற நோய்க்குப் பொருந்துவது. கோவிட் கிருமி தோல் வழியாக உடலுக்குள் போவதில்லை. கோவிட் நோயாளியைக் கவனிப்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்னது நீண்ட கை மேலங்கி, கையுறை, முகக்கவசம், கண்பாதுகாப்பு, இவ்வளவே. மே மாத வெயிலில் காற்றுப்புகாத பிளாஸ்டிக்குக்குள் ஒருவரை ஆறு மணி நேரம் அடைத்தால் வியர்வை கண்ணில் இறங்கும். துடைக்கக் கை தானாகப் போகும். முழுக் கவசம் பெரும்பாலும் பயத்துக்குக் கொடுத்த மருந்து என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது என்பதும் உண்மை.

மூச்சைக் காப்பது முகக்கவசம். அதன் கதை 1910இல் மஞ்சூரியாவில் தொடங்குகிறது. பினாங்கில் பிறந்த வூ லியன்-தே என்ற 31 வயது மருத்துவரை ஹார்பின் நகரத்துக்குச் சீன அரசு அனுப்பியது. அங்கே பரவிய பிளேக் எலி, தெள்ளுப்பூச்சி வழியாக அல்ல, மனிதரின் மூச்சு வழியாகப் பரவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சை மெல்லிய துணிக்குள் வைத்துத் தைத்த முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். உடன் பணியாற்ற வந்த மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெனி அதை ஏற்கவில்லை. முகக்கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கில் இறந்தார்.

இன்றைய என்-95இல் இருப்பது பஞ்சு அல்ல. உருக்கி ஊதி எடுத்த பாலிபுரோப்பிலீன் இழை. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வைரஸைவிடப் பல மடங்கு பெரியது. பிறகு எப்படித் தடுக்கிறது? பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் போய் மோதும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகளால் இடிபட்டு இடிபட்டுத் தள்ளாடி எங்காவது ஒட்டிக்கொள்ளும். தப்பிப்பது இடைப்பட்டது, சுமார் 0.3 மைக்ரான். அதற்காகவே இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் அது துகளை இழுத்துக்கொள்ளும். ஆல்கஹாலில் நனைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்கு முகக்கவசம் புதுசு போலவே இருக்கும். தட்டுப்பாட்டு நாட்களில் ஒவ்வொருவருக்கும் ஐந்து முகக்கவசம் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டு, காகிதப் பையில் உலரவைத்துச் சுழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று சுலபமான வழியைத்தான் தேடும். கன்னத்துக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே ஒரு கோடு இடைவெளி இருந்தால் போதும், மூச்சு அங்கேதான் போகும். அதனால் பொருத்தச் சோதனை உண்டு: தலைமேல் ஒரு உறையைக் கவிழ்த்து உள்ளே சாக்கரின் கரைசலைத் தெளிப்பார்கள். இனிப்பு தெரிந்தால் அந்த அளவு உங்கள் முகத்துக்குச் சரியில்லை. தாடி இருந்தால் சோதனையே வேண்டாம், தேறாது. இந்தியாவில் இந்தச் சோதனையை ஒருமுறைகூடச் செய்துகொள்ளாமல் கோவிட்டின் முதல் இரண்டு அலைகளைக் கடந்துவிட்ட ஊழியர்கள்தான் அதிகம்.

ஜன்னல்

2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் மறுத்துக் கடிதம் எழுதினார்கள். முழுதாக ஒப்புக்கொள்ள மேலும் பல மாதங்கள் ஆயின. இந்த இடைவெளியில் எத்தனையோ வார்டுகளில் தரையையும் கைப்பிடியையும் பிளீச்சிங் பவுடரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் சாத்தியே இருந்தது.

காற்றின் கதையைப் புரிந்துகொள்ள பெரு நாட்டின் லிமா நகரத்துக்குப் போகலாம். அங்குள்ள மருத்துவமனைகளில் ஓர் ஆய்வுக் குழு காற்றோட்டத்தை அளந்தது. 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில் ஜன்னல் கதவுகளைத் திறந்தால் அறைக்காற்று மணிக்கு 40 முறை முழுதாக மாறியது. 1970க்குப் பின் கட்டிய நவீன வார்டுகளில் 17 முறை. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளுக்கு வகுத்த அளவு 12. ஒருநாள் முழுக்கக் காசநோயாளியோடு இருந்தால் தொற்றும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள்: இயந்திர அறையில் 39 சதவீதம், பழைய வார்டில் 11. நிறைய செலவழித்து வாங்கியது, தாத்தா காலத்து ஜன்னலிடம் தோற்றுப்போனது.

2003இல் வியட்நாமின் ஹனோயிலும் இதையே பார்த்திருக்கலாம். அங்கே முதல் சார்ஸ் நோயாளி சேர்ந்தது ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில். ஊழியர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். இது புது நோய் என்று உலகுக்கு முதலில் எச்சரித்த உலக சுகாதார நிறுவன மருத்துவர் கார்லோ உர்பானியும் அங்கே தொற்றி, மார்ச் 29 அன்று பாங்காக்கில் இறந்தார். பிறகு நோயாளிகளைப் பாக் மாய் அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். விசாலமான அறைகள், உயரமான கூரை, மின்விசிறி, எந்நேரமும் திறந்த ஜன்னல்கள். அங்கே பரிசோதித்த ஊழியர்களில் ஒருவருக்கும் தொற்றியதற்கான அடையாளம் ரத்தத்தில் இல்லை. முகக்கவசமும் ஒழுங்கும் இருந்தன, பிந்தி வந்ததால் எச்சரிக்கையும் இருந்தது. ஜன்னலுக்கு மட்டும் முழுப் பெருமையைக் கொடுக்க முடியாது. ஆனால் முகக்கவசத்தை நழுவவிடுபவர் இருக்கலாம், ஜன்னல் களைத்துப்போவதில்லை.

தேநீர் அறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் செயின்ட் அகஸ்டின் மருத்துவமனைக்கு 2020 மார்ச்சில் கோவிட் அநேகமாக ஒரே ஒரு நோயாளியோடு நுழைந்தது. ஏப்ரல் முடிவதற்குள் 39 நோயாளிகள், 80 ஊழியர்கள். நோயாளிகளில் 15 பேர் இறந்தார்கள். கிருமிகளின் மரபணுவையும் ஆட்களின் நடமாட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், நோயாளிகளை வார்டு விட்டு வார்டு மாற்றியதே கிருமிக்கு வண்டி பிடித்துக் கொடுத்தது என்று கண்டார்கள். 2003இல் தைவான் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தது: நோயாளியை மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே பார்த்துப் பிரிப்பது, தொற்றுள்ள பகுதி, இடைப்பகுதி, சுத்தப் பகுதி என்று தரையில் கோடு போட்டுப் பிரிப்பது, ஒரு பகுதி ஊழியர் இன்னொரு பகுதிக்குள் போகாதபடி பார்ப்பது.

கோடு போடாத இடம் ஒன்று எல்லா மருத்துவமனையிலும் இருக்கும். ஊழியர்கள் சாப்பிடும் அறை. ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம். நோயாளியிடம் காட்டும் எச்சரிக்கையை நாம் தோழியிடம் காட்டுவதில்லை. ‘அவங்களுக்கு என்ன, நம்ம ஸ்டாஃப்தானே’ என்ற நம்பிக்கை அங்கே வேலை செய்கிறது. உணவு இடைவேளையை மூன்று ஷிப்டாகப் பிரித்து, திறந்த தாழ்வாரத்தில் நாற்காலிகளைத் தள்ளிப் போட்ட மருத்துவமனைகள் ஒரு ரூபாய் செலவில்லாமல் பெரிய காரியம் செய்தன.

சிங்கப்பூரில் 2003இல் ஊழியர் ஒவ்வொருவரும் தினமும் காய்ச்சல் பார்த்துப் பதிய வேண்டும் என்று வைத்தார்கள். ஒரே வார்டில் கூட்டாகக் காய்ச்சல் வந்தால் அது உடனே விசாரணைக்குரியது. நார்த் யார்க்கில் செவிலியர்கள் எழுப்பிய கேள்வி இங்கே தானாக எழும். பதிவேடு வேலை செய்ய வேண்டுமானால், காய்ச்சல் என்று சொன்னவருக்கு நஷ்டம் வரக் கூடாது. நிரந்தர ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. வார்டைப் பெருக்குகிறவர், மஞ்சள் பையில் முகக்கவசத்தையும் சிவப்புப் பையில் கவச உடையையும் பிரித்துக் கட்டுகிறவர், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வருவார்கள். எல்லா வார்டுக்குள்ளும் போய்வருகிறவர்களும் அவர்கள்தான். சம்பளப் பட்டியல் வேறோர் அலுவலகத்தில் இருப்பதால், மருத்துவமனையின் காய்ச்சல் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு வரி ஒதுக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.